நிய்யத்துக் கொப்பி

கல்முனை பஸாரில் கொமினிகேஷன் கடை வைத்திருப்பவளுக்கு ஊரார் எல்லோருடைய கையெழுத்தும் தெரியும். மனசும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கும். போட்டோக் கொப்பி அடித்துப் பிழைத்துக்கொண்டிருந்த என்னை, கண்ணாடித் திரையில் விரலால் கையெழுத்து வாங்கும் வேலையில் காலம் கொண்டுவந்து மாட்டிவிட்டது. வீட்டில் பெரியவர்களின் விரலைப் பிடித்து "இஞ்ச அமத்துங்க, அங்க இல்ல" என்று பாடுபட்டவர்களுக்கு என் கஷ்டம் விளங்கும்.

விரல் வைக்குமுன்

ஆதம்பாவா காக்கா பாலமுனையில் கடல் தொழில் செய்பவர். தோணிப் பதிவுக்கான படிவத்தோடு வந்தார். கடையில் சனம் நிறைந்திருந்தது. வழக்கம் போல் திரையை அவர் பக்கம் திருப்பி, "இதில வைங்க காக்கா" என்றேன். அவர் விரலை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார், பிஸ்மி சொன்னார், பிறகு கையை இழுத்துக்கொண்டார். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள், வாசித்துக் காட்ட நேரமில்லை என்றேன். அவர் கோபிக்கவில்லை.

"எதுக்கு நிக்கிறண்டு மனசில நிய்யத்து வெக்காம நான் தொழுகைக்கே தக்பீர் கட்ட மாட்டன், தங்கச்சி. இதுக்கு மட்டும் சும்மா விரல வெப்பனா?"

கோழி கிண்டின கையெழுத்து

படிவம் முழுவதையும் வாசித்துக் காட்டி அவர் விரலை வாங்கிவிட்டு, அன்றைக்கே தடித்த மட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பி வாங்கினேன். கையெழுத்து எந்த நொடியில் விழுந்தது என்பதை மெஷின் குறித்துக்கொள்ளும். ஏன் விழுந்தது என்பதை அது எங்கே குறிக்கப்போகிறது? ஆகவே அதை நான் எழுதினேன்: வாசித்தது யார், காது கொடுத்துக் கேட்டது யார், பதில் சொன்னது யார், என்ன காரணத்துக்காக.

கொப்பியின் முதல் பக்கத்திலேயே பாண்டிருப்பு யோகம் அக்கா இருக்கிறார். அரசாங்கக் கந்தோரில் நாளுக்கு நூறு கையெழுத்துப் போட்டவர். திரையில் போட்டதும் அது அவருடையது போலவே இல்லை. கோழி கிண்டின மாதிரி இருக்கிறது என்று அழித்து அழித்துப் போட்டார். பதினோராவது தரம் களைத்துப்போய், இதை நான்தான் போட்டேன் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார். கொப்பியைக் காட்டினேன். மூன்றாம் பந்தியை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னது வரைக்கும் அதில் இருந்தது. கண்ணாடியைப் போட்டு முழுவதும் வாசித்தார்.

"எல்லாம் சரி பிள்ளை. தலையிடியோட வந்தவ எண்டதையும் ஒருக்கா எழுதிவிடுங்க."

அமானிதம்

மருதமுனை சாரம் வியாபாரி ஒருவர் தன் கையெழுத்தை என் கம்ப்யூட்டரிலேயே விட்டுவிட்டுப் போகப் பார்த்தார். தேவைப்படும்போது நானே எடுத்து ஒட்டிக்கொள்ளட்டுமாம், அவ்வளவு நம்பிக்கை. நம்பி ஒப்படைத்த அமானிதத்தை அவர் இல்லாத நேரம் எடுத்து ஒட்ட மாட்டேன் என்று அவர் கண்முன்னாலேயே அழித்தேன். மனிசன் முகம் வாடிவிட்டது.

"என்னகா, என்ட கையெழுத்துக்கு உங்கட கடையில ஒரு மூலை இல்லையா?"

பதில் சொன்னது யார்

ஆதம்பாவா காக்கா மறுபடி வந்தபோது மகள் ஸப்னாவையும் கூட்டி வந்தார். அவளுடைய உம்மா மௌத்தாகி இரண்டு வருஷம்; வீட்டில் இவர்கள் இருவர்தான். தூரத்து ஊரொன்றில் தாதியர் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அந்த இடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வந்திருந்தார்கள். "பயந்த புள்ள. ஹொஸ்டல் சரிவராது" என்றார் காக்கா. "ஓமா புள்ள?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் வீடுகளில் நிக்காஹ்வுக்கு முன் பெண்ணிடம் சம்மதம் கேட்பார்கள். அவள் பேசாமலிருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். அவள் கையெழுத்துப் போட்டாள், நான் அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் கடையின் ஈமெயிலுக்குப் பதில் வந்தது. மனம் மாறினால் நாளை நாலு மணிக்குள் மறுபடி கையெழுத்திட்டு அனுப்பலாம், அதன்பின் இடம் வேறொருவருக்குப் போய்விடும். ஸப்னாவின் படிவ இலக்கத்தைச் சரிபார்க்கக் கொப்பியைத் திறந்தேன். கேட்டது: வாப்பா. பதில் சொன்னது: வாப்பா. காரணம்: ஹொஸ்டல் பயம், வாப்பா சொன்னது. அந்தப் பக்கத்தில் ஸப்னாவின் வாயிலிருந்து வந்த ஒரு சொல் கூட இல்லை. உடனே காக்காவுக்குப் போன் எடுத்தேன்.

அடுத்த நாள் காலையிலேயே இருவரும் வந்தார்கள். காக்காவின் கையில் கொப்பியைக் கொடுத்தேன். விரலை வரிவரியாக ஓடவிட்டு வாசித்தார். "எல்லாத்திலயும் நான்தான் கதைச்சிரிக்கன்" என்றார் மெதுவாக. பிறகு மகளைப் பார்த்து, "இனி நான் வாயத் தொறக்கல்ல. நீ சொல்லு மகள்" என்றார்.

அவள் நெடுநேரம் பேசவில்லை. நானும் இந்த முறை எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, காத்திருந்தேன்.

"நான் போனா உங்களுக்கு ஆரு வாப்பா சோறாக்கித் தாற?"

"அப்ப உனக்கு ஹொஸ்டலுக்குப் பயமில்லையா?" என்று நான் கேட்டேன்.

"பயமில்ல. போகத்தான் விருப்பம். நீங்க தனிச்சிப் போவீங்கண்டுதான் வாப்பா பேசாம இருந்த."

காக்கா றோட்டுப் பக்கம் திரும்பித் தோளால் முகத்தைத் துடைத்தார். நான் மறைக்கவில்லை, அழுதேவிட்டேன். ஸப்னா பிஸ்மி சொல்லிப் புதுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். பதில் வரும்வரை மூவரும் பிளேன்டீயை ஆறவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதினொரு மணிக்கு வந்தது: இடம் அவளுக்கே. கொப்பியில் பதில் சொன்னது ஸப்னா என்று எழுதினேன். காரணத்துக்கு என்ன எழுதட்டும் என்று காக்காவைக் கேட்டேன்.

"வாப்பாக்குச் சோறாக்கத் தெரியும், மகள்ட்ட கேக்கத்தான் தெரியாமப் போச்சு எண்டு எழுது தங்கச்சி."

கையெழுத்து விழுந்த நொடியை மெஷின் பிசகாமல் குறித்துவைக்கிறது, வாப்பாமார் வாயை மூடிக்கொண்டிருந்த நேரத்தைக் குறித்துவைக்க மட்டும் இன்னும் சீஆர் கொப்பிதான் வேண்டியிருக்கிறது.