ஐந்து வருஷத்து ஆரஞ்சுத் தோல்

வளைகுடாவில், அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பில் பக்கத்து ரூம் சீனர் ஒரு வெல்டர். புருவம் பாதி கருகியிருக்கும். ஏ.சி.யின் வெளிப்பெட்டிமேல் எப்போதும் ஆரஞ்சுத் தோல் காயவைத்திருப்பார். அனல்காற்று முழுக்க அந்த வாசனைதான். நான் தோலை எறியப்போனால் கையைப் பிடித்துக்கொள்வார்.

"பாய், மாஃபி கச்ரா. தவா." குப்பையில்லையாம், மருந்தாம்.

எதைச் சாப்பிட்டாலும் வயிறு உப்பி, டியூட்டிக்குப் போகாமல் நான் சுருண்டு கிடந்தபோது, கறுத்துப்போன தோலைக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தார்.

"எத்தனை நாள் தோல் இது?"

ஐந்து விரலைக் காட்டினார். "சால்." ஐந்து வருஷம்!

"யாருக்காக வைத்திருந்தீர்கள்?"

என் வயிற்றைக் காட்டினார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நான் பாஸ்போர்ட்கூட எடுத்திருக்கவில்லை.

வயிறு கஷாயத்தால் சரியானதா, தானாகச் சரியானதா, தெரியாது. அவரும் ஊர் போய்விட்டார். அந்தப் பெட்டிமேல் இப்போது நான் தோல் காயவைக்கிறேன், இன்னும் வீட்டைவிட்டுக் கிளம்பாத யாருக்கோ.