பிரெஞ்சில் தொண்ணூறு வரை

ஒரு மருத்துவமனையில் நோயைத் தீர்ப்பவர் ஒருவர், மருந்து கொடுப்பவர் ஒருவர், திட்டு வாங்குபவர் ஒருவர் என்று வேலை மூன்றாகப் பிரியும். நான் அந்த மூன்றாவது வேலையில் பதினோர் ஆண்டுகள் இருந்தேன். எண் பொறித்த தகட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, நம் முறை எப்போது வரும் என்று மூடிய கதவையே பார்த்தபடி அமர்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் உண்டு என்றால், நீங்கள் என் உறவினர். உங்களிடம் எதையும் மறைக்க வேண்டியதில்லை.

அறுபதுகளின் இறுதியில் கடத்தூரில் ஓர் இலவச மருத்துவமனை நடந்தது. வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை மட்டும். மருத்துவர் ஒரு பிரெஞ்சுக் கன்னிகாஸ்திரீ. ஊரார் அவரை டாக்டரம்மா என்றார்கள். காலையில் தகரத் தகடுகளை வரிசைப்படி வழங்குவதும், பெயர்களைப் பதிவதும், தாழ்வாரத்தில் அமைதி காப்பதும் என் பொறுப்பு. தகட்டைச் சீட்டு என்று அழைத்ததால் என்னைச் சீட்டம்மா என்றே அழைத்தார்கள். டாக்டரம்மா உள்ளிருந்து எண்ணைச் சொல்லி மூன்று முறை அழைப்பார். எழாதவருக்கு அடுத்த வியாழன்தான். மாலை நான்கு மணிக்கு அவருடைய ஜீப் புறப்பட்டுவிடும்.

முதல் வகுப்புப் பட்டம்

எனக்கு அந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் என் பிரெஞ்சு. சென்னையில் படித்தபோது, மதிப்பெண் தாராளமாக விழும் என்று எல்லாரும் சொன்னதால் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சை எடுத்தேன். விழுந்தது. வினைச்சொற்களின் பதினான்கு காலங்களையும் பிழையின்றி எழுதுவேன். ஒன்று முதல் நூறு வரை எழுத்தால் எழுதுவேன். எங்களுக்குக் கற்பித்த பேராசிரியரும் பிரெஞ்சுக்காரர் எவரையும் நேரில் கண்டவரல்லர் என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

முதல் நாள் டாக்டரம்மா என்னை எண்களைச் சொல்லச் சொன்னார். அந்த மொழியில் எழுதப்படும் எழுத்துகளில் பாதி வாய்க்கு வருவதில்லை என்பதை அறியாத நான், ஒரு மெய்யெழுத்தையும் வீணாக்காமல், அச்சிட்டிருப்பதை அச்சிட்டபடியே இருபது வரை உச்சரித்தேன். அவர் கண்களை மூடி, மிகுந்த மரியாதையுடன் கேட்டார். முடித்ததும் பிரெஞ்சில் சொன்னார்: "மிக இனிமையான மொழி. இதுதான் தமிழா?"

மூன்று கூட்டங்கள்

எண்ணை எந்த மொழியில் அழைப்பது என்ற கேள்வி நான் சேருமுன்பே ஊரை இரண்டாக்கியிருந்தது. உண்மையில் நான்காக்கியிருந்தது. எங்கள் தாழ்வாரத்தில் தமிழர் பாதி. மீதியில் வீட்டில் தெலுங்கு பேசுவோர், கன்னடம் பேசுவோர், உருது பேசுவோர். கடைத்தெருவில் எல்லாருக்கும் தமிழ் தெரியும். ஆனால் நாடே மொழிக்காகக் கொதித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. கடத்தூர் மட்டும் ஆறியிருப்பது அழகா? எனக்கு முன்னிருந்தவர் ஒரு வாரம் தமிழில் அழைத்துப் பார்த்தாராம். பன்னிரண்டு என்றதும் ஐந்து பேர் எழுந்திருக்கிறார்கள். அவர்களில் நால்வர் அவருடைய உறவினர்கள். அதனால்தான் அவர் எனக்கு முன்னிருந்தவரானார்.

மருத்துவமனைக் கமிட்டி மூன்று முறை கூடி இரண்டு தீர்மானங்கள் நிறைவேற்றியது. ஒன்று, டாக்டரம்மாவே தம் தாய்மொழியில் அழைப்பார். இரண்டு, சீட்டுக் கொடுப்பவர் எந்த நோயாளிக்கும் அவருடைய முறை வந்ததை வாயாலோ கையாலோ கண்ணாலோ உணர்த்தக் கூடாது. கண்ணால் என்ற சொல்லை நான் சுவரில் தொங்கிய நகலில் பலமுறை வாசித்திருக்கிறேன். இதன் நியாயம் என்ன என்று கமிட்டித் தலைவரிடம் கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விளக்கினார்: "தமிழ்ல கூப்புட்டா தெலுங்குக்காரருக்குக் கொறை, தெலுங்குல கூப்புட்டா நமக்குக் கொறை. ஒருத்தருக்குமே புரியாத பாஷையில கூப்புட்டா ஒருத்தருக்கும் கொறையில்லீங்க, அம்மணி."

மாதனின் வலது கால்

இந்த ஏற்பாட்டின் முழுச் சமத்துவத்தையும் அனுபவித்தவர் மாதன். வத்தல்மலையில் ராகியும் சாமையும் விளைவிப்பவர், நாற்பது வயதிருக்கும். வலது கணுக்காலுக்கு மேல் உள்ளங்கையளவு புண். ஊன்றுகோலுடன் மலை இறங்கி வருவார். காலை நீட்டித் தாழ்வாரத்தின் கடைக்கோடியில் அமர்ந்து, தகட்டைக் கைக்குள் மூடிவைத்துக்கொண்டு, கதவிலிருந்து வரும் ஒவ்வொரு ஒலியையும் கோயிலில் மந்திரம் கேட்பவரைப் போலப் பணிவுடன் கேட்பார். மற்றவர்கள் தமக்கு முன் எண்ணுக்காரர் எழுவதைப் பார்த்துத் தம் முறையை ஊகித்துக்கொள்வார்கள்; கடைக்கோடியில் இருந்த அவருக்கு அதுவும் தெரியாது. அவருடைய எண்ணும் அந்த மந்திரத்தோடு வந்து போய்விடும். தீர்மானத்தின்படி நான் பேரேட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இரண்டு வியாழன்கள் இப்படிக் கழிந்தன. இரண்டாம் வியாழன் ஜீப்பில் ஏறப்போன டாக்டரம்மா, வாசலில் அந்தக் காலைக் கண்டு நின்றுவிட்டார். கட்டைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: இன்னும் இரண்டு வாரத்துக்குள் சுத்தம் செய்து கட்டாவிட்டால், சேலத்துக்கு அனுப்பி முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும். இப்போதே செய்யலாமே என்றேன். கருவிகள் பெட்டிக்குள் போய்விட்டன, அடுத்த ஊரில் பிரசவம் காத்திருக்கிறது என்றார். நான் மாதனுக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு, இரண்டு வாரமும் அழைத்தபோது ஏன் எழவில்லை என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன். அவர் ஊன்றுகோலைத் தடவிக்கொண்டு சொன்னார்: "கூப்புட்டாங்களா? நானும் இங்கேயேதானுங்களே இருந்தேன்."

வள்ளத்தில் பாடம்

முறை வந்ததை உணர்த்தத்தான் தடை. எண்களைக் கற்பிக்கத் தடையில்லை. சுவரிலிருந்த நகலை மறுபடியும் படித்து இதை உறுதிசெய்துகொண்டேன். மறுநாளே மாதனைக் கடத்தூர்க் கடைத்தெருவில் ஒரு தானியக் கடை முன் உட்காரவைத்தேன். வெறும் வாயால் சொன்ன எண் அவரிடம் நிற்கவில்லை. கையில் ஏதாவது அளந்தால்தான் எண்ணிக்கை வரும் என்றார். கடைக்காரரிடம் தானியம் அளக்கும் வள்ளத்தை இரவல் வாங்கி ராகியை அளந்து காட்டினேன். அங், தெ, த்ருவா, காத்ர், சேங்க், சீஸ். ஏழாம் எண் பிரெஞ்சில் எப்படி ஒலிக்கிறது என்பதை நான் எழுதப்போவதில்லை. தமிழ்க் காதில் அது சாவின் இறந்தகாலமாகவே விழும்; மருத்துவமனையில் உரக்கச் சொல்லத் தக்க சொல் அதுவன்று.

வேடிக்கை பார்க்கக் கூடியவர்களும் சேர்ந்து சொன்னார்கள். வியாழன் காலையில் தாழ்வாரம் முழுவதும் ஒப்பித்தது. என்னைத் தவிர ஒருவருக்கும் குறையில்லை. என் குறை, ஒருவரும் முதல் எண்ணைச் சொல்லவில்லை என்பது. நான் அங் என்பேன். அவர்கள் "லாபம்" என்பார்கள். பிறகு ஒழுங்காகத் தெ, த்ருவா என்று போவார்கள். தானியம் அளப்பவர்கள் முதல் வள்ளத்துக்கு ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்பார்கள் என்பது எனக்கும் தெரியும். இது தானியமன்று, எண்ணிக்கைப் பாடம் என்று மூன்று முறை திருத்தினேன். மாதன் மிகவும் வருந்தி, என்னைச் சமாதானப்படுத்தினார்: "ஒண்ணுன்னு ஆரம்பிச்சா ஒண்ணோட நின்னுபோயிருமுங்க. எந்தப் பாஷையா இருந்தாலும் வெளையறது ராகிதானுங்களே?"

நாலு கட்டு

அந்த வாரம் கூட்டம் பெருகியதால் கமிட்டி அறுபது தகடுகளைத் தொண்ணூறாக்கியது. பிரெஞ்சில் எழுபதுக்கும் எண்பதுக்கும் தனிப்பெயர் கிடையாது. எழுபதை அறுபதும் பத்தும் என்பார்கள்; எண்பதை நான்கு இருபது என்பார்கள். இதைத் தாழ்வாரத்துக்கு விளக்க நான் அரை மணி நேரம் போராடினேன். ஜவுளி வியாபாரி காதர் பாய், கண்ணில் மருந்து விட்டுக்கொள்ள வருபவர், வாரந்தோறும் முதல் சீட்டை வாங்கிக் கதவை ஒட்டியே நிற்பவர். அவர் ஒரே வாக்கியத்தில் பாடத்தை முடித்துவைத்தார். இன்று என் வயதை யாராவது கேட்டால் அவருடைய கணக்கில்தான் சொல்கிறேன். அவர் சொன்னது: "துண்டை இருபது இருபதாக் கட்டித்தானேம்மா விக்கிறோம்? நாலு கட்டுன்னு சொல்லுங்க, வெள்ளக்காரனும் நம்ம யாவாரிதான்."

அறுபதாம் எண்ணின் ஆரோக்கியம்

எண்பது இவ்வாறு எளிதானது. எழுபதுதான் கைவிட்டது. அன்று மாதன் கால்வலியால் தாமதமாக வந்து எழுபத்திரண்டாம் தகட்டைப் பெற்றார். அறுபதாம் தகடு பாப்பாரப்பட்டிப் பெரியதனக்காரர் ஒருவரிடம் இருந்தது, இருமலுக்கு வந்தவர். சுவாசாந்த் என்றால் அறுபது என்று அவர் நன்றாக மனப்பாடம் செய்திருந்தார். அழைத்தார்கள், போனார், வந்தார். பிறகு டாக்டரம்மா சுவாசாந்த் என்று தொடங்கி அறுபத்தொன்று, அறுபத்திரண்டு என்று எதை அழைத்தாலும், மீதியைக் கேட்கப் பொறுமையின்றி அவரே எழுந்தார். அவருக்கு வழிவிட்டுப் பழகிய ஊர், எவரும் தடுக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பவும் மனமின்றி, ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு புதிய நோயைச் சொன்னார்: முழங்கால், பசியின்மை, காதிரைச்சல். டாக்டரம்மா தகட்டைப் பார்ப்பதில்லை, நோயைத்தான் பார்ப்பார்.

எழுபத்திரண்டை அழைத்தபோதும் அவரே எழுந்து உள்ளே போனார். அழைப்புக்கு ஆள் வந்துவிட்டதால் இரண்டாம் முறை அழைக்கவில்லை. மாதன், தாம் தவறாகக் கேட்டிருப்போம் என்று எண்ணிப் பாதி எழுந்தவர் மறுபடியும் அமர்ந்துவிட்டார். நான் பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெரியதனக்காரர் போகும்போது என் மேசையருகே நின்று, நெகிழ்ந்து சொன்னார்: "இவ்வளவு அக்கறையா ஒரே ஆளை இத்தன தடவ பாக்குற ஆஸ்பத்திரிய நான் சேலத்துலகூடக் கண்டதில்லீங்க."

உச்சரிப்புத் திருத்தம்

மாதனுக்கு ஒரே ஒரு வியாழன் மிச்சமிருந்தது. எழுபதுகளின் தொல்லையே வேண்டாம் என்று அவர் புதன் மாலையே மலை இறங்கி, பேருந்து நிற்கும் இடத்தில் படுத்துக்கிடந்து, காதர் பாய்க்கு முன்னால் வந்து நின்றார். முதல் தகடு அவருக்கு. எனக்கு நெஞ்சு நிறைந்தது. அவரால் கதவடியில் நிற்க முடியாது; தம் வழக்கமான கடைக்கோடியில் போய்க் காலை நீட்டிக்கொண்டார்.

கதவு திறந்தது. டாக்டரம்மா "அங்" என்றார். ஒருவரும் அசையவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதுவரை முதல் எண்ணைக் கேட்டு எழுந்தவர் எவருமில்லை. காதர் பாய் கதவு திறந்தவுடனே நுழைந்துவிடுபவர். தாழ்வாரம் முழுவதும் பிரெஞ்சில் எண்ணக் கற்றிருந்தது. அந்தப் பிரெஞ்சு லாபத்தில் தொடங்கியது. "அங்" என்றார் இரண்டாம் முறை. மாதன் முகத்தில் ஒரு குறையும் இல்லை. இன்னும் எண்ணிக்கையே தொடங்கவில்லை என்ற நிம்மதியுடன் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்தேன். வாயாலோ, கையாலோ, கண்ணாலோ. நோயாளிக்கு உணர்த்தத்தான் தடை. டாக்டரின் பிரெஞ்சைத் திருத்தக் கூடாது என்று எந்தத் தீர்மானமும் இல்லை.

எழுந்து உள்ளே போனேன். எனக்குத் தெரிந்த மிக நேர்த்தியான பிரெஞ்சில், தேர்வுத்தாள் வாக்கியம் போலவே சொன்னேன்: "மன்னிக்க வேண்டும், டாக்டர். உங்கள் முதல் எண்ணின் உச்சரிப்புத் தவறு. இந்த மாவட்டத்தில் அதை லாபம் என்று சொல்வார்கள்." அவர் மிகுந்த மரியாதையுடன் தலையசைத்தார். என் முதல் நாளை நினைத்தாரோ என்னவோ. பிறகு கதவருகே வந்து, மூன்றாம் முறையாக, இரண்டாம் எழுத்தை வேண்டாத அளவுக்கு நீட்டி, "லபாம்!" என்று அழைத்தார்.

மாதன் எழுந்தார். கோலை ஊன்றி, தாழ்வாரத்தின் முழு நீளத்தையும் கடந்து வந்தார். காதர் பாய் வழிவிட்டார். புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்ய முக்கால் மணி நேரமாயிற்று. மாதன் பல்லைக் கடித்துக்கொண்டு தெ, த்ருவா, காத்ர் என்று நாற்பது வரை எண்ணி, மறுபடியும் லாபத்திலிருந்து தொடங்கினார். தொடர்ந்து பதினாறு வியாழன்கள் வந்தார். எழுபதுகளில் நான் அந்த வேலையை விடும்வரை, அதே இரண்டு காலில் ராகி மூட்டையுடன் சந்தைக்கு இறங்குவதைக் கண்டிருக்கிறேன். அன்று கட்டு முடிந்ததும் அவர் டாக்டரம்மாவைக் கைகூப்பி வணங்கி, ஊக்கப்படுத்தும் குரலில் சொன்னார்: "இப்பத்தானுங்க டாக்டரம்மா, உங்களுக்குப் பிரெஞ்சு சுத்தமா வருது."

நான் முதல் வகுப்பில் தேறிய அந்த மொழியில் ஒரு மனிதனின் காலைக் காப்பாற்றிய சொல் ஒன்றே ஒன்றுதான், அது பிரெஞ்சன்று. அது வடசொல், தமிழும் அன்று என்று புலவர்கள் எழுதுவார்களேயானால், அவர்களும் ஒரு வியாழக்கிழமை சீட்டு வாங்கிக்கொண்டு வந்து உட்காரட்டும்.