போகாத கடற்கரைக்குப் போட்ட திட்டம்

அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தேன். அது என் காலைவிடப் பெரியது. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் யாரோ கைதட்டுவது போலச் சத்தம் வந்தது. கிரீன் கார்டு அங்கிள் வீடு இரண்டு தெரு பின்னால் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டெக்சஸ் வெயில். நாங்கள் இருந்த காப்பெல் என்ற ஊரில் அந்த நேரத்தில் நடந்து போகிறவர்கள் யாரும் கிடையாது. வெயில் தாழ்ந்தபின் நாயை நடத்திக்கொண்டு போகிறவர்கள் உண்டு. நாய் இல்லாமல் நடக்கிற பன்னிரண்டு வயதுப் பையனைக் கண்டு கார்கள் வேகத்தைக் குறைத்தன. எங்கே போகிறேன் என்று எனக்குத் தெரியாது. எதை விட்டுப் போகிறேன் என்று தெரிந்திருந்தது, அது போதும் என்றிருந்தது. பிற்பாடு ஓசூரில் ஒரு லாரி ஷெட்டிலிருந்தும், துபாயில் எட்டுப் பேர் முறைவைத்துப் படுத்த அறையிலிருந்தும் இப்படித்தான் கிளம்பினேன். முதல் தடவை அன்றைக்கு.

இத்தனைக்கும் சண்டை ஓய்வைப் பற்றியது. நாங்கள் ஓய்வெடுக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம்.

ஆரம்பித்தது அம்மா. இரண்டு மாதம் முன்பு சாப்பிடும்போது, "எங்கயாவது பீச்சுக்குப் போய் நாலு நாள் சும்மா உக்காந்துட்டு வரலாங்க" என்றாள். வெயில் பட்டால் தலைவலி வருகிறவள். நீச்சல் குளத்தில்கூடக் கணுக்காலுக்கு மேல் நனையாதவள். மெக்சிகோவில் பிளாயா டெல் கார்மென் என்று ஒரு கடற்கரை ஊர் இருக்கிறதாம் என்று பெயரையும் அவளே சொன்னாள். அப்பா ஆச்சரியப்பட்டார். எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. கரூரிலிருந்து கிளம்பி வந்து மூன்று வருடமாகியும் நான் கடலைப் பார்த்ததில்லை. விமானத்தில் அதைத் தாண்டி வந்தபோது தூங்கிவிட்டேன். அன்றிரவே அட்டைப் பெட்டியிலிருந்து என் அரைக்கால் சட்டைகளை எடுத்து மடித்து வைத்தேன்.

சும்மா உட்காருவதற்கான அந்த யோசனையை அதற்குப் பிறகு யாரும் சும்மா இருக்க விடவில்லை. எங்கள் ஆட்கள் தனியாகப் போய் ஓய்வெடுப்பதில்லை, கம்பெனி வேண்டும். அப்பா தன் நண்பரைக் கூப்பிட்டார். அவருக்கு கிரீன் கார்டு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எந்தப் பேச்சையும் அதில் கொண்டுபோய் முடிப்பார் என்பதால் பிள்ளைகள் நாங்கள் அவருக்கு அந்தப் பெயரை வைத்திருந்தோம். அவர் இன்னும் இரண்டு குடும்பங்களைக் கூப்பிட்டார். வாட்ஸ்அப்பில் 'மெக்சிகோ ரிலாக்ஸ்' என்று ஒரு குழு பிறந்தது. அது பகலிலும் கத்தியது, இரவிலும் கத்தியது. ஒருவருக்கு ஒத்த தேதி இன்னொருவருக்கு அமாவாசையாக இருந்தது. ஒருவர் அங்கே தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்றார், ஒருவர் அங்கே புயல் வரும் என்றார், அதற்கு இன்னொருவர் பிறந்தநாள் வாழ்த்துப் படம் ஒன்றை அனுப்பினார். அங்கிளின் மனைவி, "குக்கர் நான் எடுத்துக்கறேன். இட்லி மாவு ஃப்ரீஸ் பண்ணி பெட்டில வெச்சுடலாம், அங்க போறதுக்குள்ள சரியா எளகியிருக்கும்" என்றார். சாப்பாடு, குடி எல்லாம் வாடகையிலேயே அடங்கிய விடுதி அது. அதைத் தேர்ந்தெடுத்ததும் இவர்கள்தான்.

குடியும் அடங்கியது என்பது அப்பாவுக்கு உறுத்தியது. நான்கு குடும்பத்திலும் குடிக்கிறவர் இல்லை, அல்லது மனைவிக்குத் தெரியக் குடிக்கிறவர் இல்லை. அப்பா விடுதிக்கு போன் போட்டு, நாங்கள் யாரும் குடிப்பதில்லை, அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். எடுத்த பெண் குரலைத் தணித்துக்கொண்டு, எவ்வளவு காலமாகக் குடிக்காமல் இருக்கிறீர்கள் என்று விசாரித்தாள். பிறந்ததிலிருந்து என்றார் அப்பா. அவள் மனமார வாழ்த்தினாள். கழிவு தரவில்லை.

அங்கிள் ஓய்வுக்கு நேர அட்டவணை போட்டார். விடியும் முன்னே எழுந்து கடற்கரையில் நடை, பிறகு குளியல், பிறகு பஸ் பிடித்துப் பழைய கோயில் இடிபாடுகள். "ரிலாக்ஸ் பண்ணணும்னா பிளான் வேணும் சார். இல்லேன்னா தூங்கியே டைம் வேஸ்ட் ஆயிடும்" என்று அப்பாவிடம் விளக்கினார். நான் மணலில் ஒரு குழி தோண்டி அதில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க ஆசைப்பட்டேன். அட்டவணையில் அதற்கு இடமில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எனக்குத் தெரியாது என்பதற்காகப் படிக்கிறவர்களும் முழிக்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு வேண்டியது கடல் இல்லை, பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை. கரூரில் அவளுடைய அப்பா குளியலறையில் விழுந்து படுக்கையில் கிடந்தார். எங்கள் மூவரின் விசா முத்திரையும் காலாவதியாகியிருந்தது. அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை அதனால் தொல்லையில்லை. இந்தியாவுக்குப் போனால் புது முத்திரை வாங்காமல் திரும்பி வர முடியாது. மெக்சிகோவுக்குச் சும்மா போய்ச் சில நாளில் திரும்பினால் பழையதை வைத்தே உள்ளே விடுவார்கள். ஆனால் அங்கே அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய்ப் புதியதைக் கேட்டுவிட்டால், அது கிடைக்கும்வரை வெளியேதான். அப்பா வேலை பார்த்தது மற்ற கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றில். அப்படிப்பட்டவர்களின் விண்ணப்பத்தைத்தான் அதிகம் கிடப்பில் போடுவார்கள் என்று அவர்களுக்குள் ஒரு பயம் உலவியது. கடற்கரையிலிருந்து சில மணி நேரத்தில் ஒரு தூதரகம் இருப்பதை அம்மா விசாரித்து வைத்திருந்தாள். அதனால்தான் அந்த ஊர்.

அன்று அங்கிள் வீட்டில் பூரி சாப்பிட்டுவிட்டு எல்லாரும் டிவியில் விடுதியின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா மெதுவாக ஆரம்பித்தாள்.

"ரெண்டு நாள் முன்னாடி நாம மட்டும் போனா, கான்சுலேட்ல ஸ்டாம்பிங்கையும் முடிச்சுடலாங்க."

"ரிலாக்ஸ் பண்ணப் போற எடத்துல எதுக்கும்மா ஸ்டாம்பிங்?" என்றார் அப்பா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அங்கிள் முந்திக்கொண்டார். "வேணாம் சிஸ்டர். சும்மா போனா சும்மா வரலாம். எங்க ஆபீஸ்ல ஒருத்தன் அங்க ஸ்டாம்பிங் போயி, செக் பண்ணணும்னு கையில ஒரு பேப்பரக் குடுத்துட்டாங்க. ரெண்டு மாசம் பீன்ஸ் தின்னுட்டு அங்கயே கெடந்தான்."

"மாவு ரெண்டு மாசமெல்லாம் தாங்காது" என்றார் அவர் மனைவி.

"உங்களுக்கென்னண்ணா" என்றாள் அம்மா. "நெனச்சா நாளைக்கே டிக்கெட் போட்டு அப்பா அம்மாவப் பாத்துட்டு வந்துடுவீங்க."

அப்பாவின் குரல் உயர்ந்தது. "மூணு பேரும் வெளிய மாட்டிக்கிட்டா என் ப்ராஜெக்ட் போச்சு, இவன் ஸ்கூல் போச்சு. வீட்டுக்கு வாடகை யார் குடுப்பா? புரிஞ்சுதான் பேசறியா?"

"எனக்கு பீச்சும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றாள் அம்மா. "நான் என்னிக்காவது கடலக் கேட்டிருக்கேனா? எங்கப்பாவப் பாக்கணும்."

கடைசி வாக்கியம் என் காதில் விழுந்தது, ஆனால் நிற்கவில்லை. கடல் வேண்டாம் என்றது மட்டும் நின்றது. "நீதானம்மா கேட்ட" என்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் கிடந்ததில் கைக்கு அகப்பட்ட செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பெரிய சாலை வந்த இடத்தில் நடைபாதை முடிந்தது. புல்லில் நின்றேன். மெக்சிகோ தெற்கே இருப்பது தெரியும், தெற்கு எது என்பது தெரியவில்லை. அப்போது ஒரு பிக்கப் வண்டி ஓரமாக வந்து நின்றது. எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி. எங்கே போகிறாய் என்று கேட்டாள். கடலுக்கு என்றேன். அவள் சிரிக்கவில்லை. அது நடக்கிற தூரம் இல்லை, ஏறிக்கொள் என்றாள்.

போகிற வழியில், தானும் புருஷனும் நாளைக் காலை மெக்சிகோவுக்குக் கடற்கரைக்குத்தான் போவதாகச் சொன்னாள். எந்த விடுதி என்று கேட்டேன். பெயர் நினைவில்லை, முந்தாநாள்தான் டிக்கெட் போட்டோம் என்றாள். யார் யார் என்றேன். நாங்கள் இரண்டு பேர் என்றாள். அங்கே போய் என்ன செய்வீர்கள் என்றேன். அவள் சாலையைப் பார்த்தபடி கொஞ்சம் யோசித்து, ஒன்றும் செய்ய மாட்டோம் என்று நினைக்கிறேன் என்றாள். எனக்கு அவள்மீது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

வீட்டு வாசலில் இறங்கும்போது அப்பாவின் காரும் வந்து நின்றது. ஊரெல்லாம் என்னைத் தேடியிருக்கிறார்கள். அப்பா அங்கிளின் செருப்பைப் போட்டிருந்தார். அம்மா என்னைத் திட்டவில்லை. என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள், அது சரியாகத்தான் இருந்தது. அந்தப் பெண்மணி, நாங்கள் இல்லாத வாரம் உங்கள் பையன் எங்கள் பூனைக்குச் சாப்பாடு வைப்பானா, பணம் கொடுத்துவிடுகிறேன் என்று அப்பாவிடம் கேட்டாள்.

அப்பாவின் முகம் மாறியது. என் பையன் செய்வான், ஆனால் பணம் வாங்க மாட்டான் என்றார். என் விசாவைச் சார்ந்து வந்திருக்கும் மனைவியும் பிள்ளையும் வேலை பார்ப்பதற்கு அனுமதியில்லை என்று நிறுத்தி நிறுத்தி விளக்கினார். பூனைக்கா என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

அவள் உள்ளே போனதும் அம்மா சிரிக்கத் தொடங்கினாள். கரூரில் கணக்கு டீச்சராக இருந்தவள், இங்கே வந்த நாளிலிருந்து அதே சட்டத்தால் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். "பூனைக்குச் சோறு வெச்சாக்கூட அனுப்பிடுவாங்களாங்க?" என்று கார் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் மாறியது என்று நான் கவனிக்கவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"நான் மட்டும் நேரா ஊருக்குப் போறேங்க. அங்கயே ஸ்டாம்பிங் பாத்துக்கறேன். கெடைக்கலேன்னா நான் ஒருத்திதான மாட்டுவேன். நீங்க ரெண்டு பேரும் உள்ள இருப்பீங்க."

அப்பா பூட்டிய காரை மறுபடி பூட்டினார். அது பீப் என்றது. "சரி" என்றார். அவர் அவ்வளவு சீக்கிரம் எதற்கும் சரி சொல்லி நான் கேட்டதில்லை. இதைக் கொஞ்சம் முன்பே சொல்லியிருந்தால் எல்லாரும் ஒழுங்காகக் கடலுக்குப் போயிருக்கலாமே என்று எரிச்சலாக வந்தது.

அம்மா தாத்தாவைப் பார்த்தாள். அவர் போகும்போதும் பக்கத்தில் இருந்தாள். அவளுடைய விண்ணப்பம் கிடப்பில் கிடந்து, அவள் டல்லாஸ் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது என் குரல் உடைந்திருந்தது. நான் கூப்பிட்டதை யாரோ கூப்பிடுவதாக நினைத்து என்னைத் தாண்டிப் போனாள். எனக்கும் அந்த விசாவில் இருபத்தொரு வயதுவரைதான் இடம். அது முடிந்தபோது கல்லூரி பாதியில் நின்றது, அதற்குப் பிறகு நான் எங்கும் நிற்கவில்லை. இதெல்லாம் பிறகு.

மறுநாள் காலை அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். எப்போது வருவாய் என்று கேட்டேன். "ஸ்டாம்ப் ஆனதும் வந்துடுவேன்டா" என்றாள். தபால் ஆபீசில் டப்டப்பென்று குத்துவார்களே, அதுதான் என் மனதில் ஓடியது.

பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவர்கள் இருவரும் ஆளுக்கொரு சின்னப் பையோடு வாசலில் நின்றார்கள். டப்பாவை எப்படித் திறப்பது என்று அந்தப் பெண்மணி காட்டிக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் வந்துவிடுவோம் என்று சொல்லி, சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். சம்பளமில்லாத என் முதல் வேலை அது. பூனை சோபாவுக்கு அடியிலிருந்து வெளியே வர மறுத்தது. நான் தரையில் படுத்து, அதற்குத் தமிழ் தெரியுமா தெரியாதா என்று யோசிக்காமல், பயப்படாதே, ஊருக்குப் போகிறவர்கள் ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.