நசரேயில் சொன்ன கதை

மங்கைக்குப் பேச்சு வரும். காசிமேட்டில் அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. விசைப்படகுகள் கரை சேரும் நேரத்தில் குரல் இல்லாதவள் அங்கே மீன் விற்க முடியாது. ஆனால் மங்கை பேச ஆரம்பித்தால் பக்கத்துக் கடைக்காரிகள் கூவுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள் என்று அவளுடைய அண்ணன் திருமுருகன் இப்போதும் சொல்வான்.

அம்மா தேசம்மாளோடு சின்ன வயதிலிருந்தே கடையில் உட்கார்ந்தவள், பொன்னேரியில் மீன்வளம் படித்தாள். பிறகு உதவித்தொகையோடு போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. அந்தத் தெருவிலிருந்து வேலைக்கு விமானம் ஏறியவர்கள் உண்டு. படிக்க ஏறியவள் அவள்தான்.

லிஸ்பனில் அவளோடு அறையைப் பகிர்ந்துகொண்டவள் சினேகா. சுற்றுலா மேலாண்மை படிக்க வந்தவள். "நான் சென்னைதான், அண்ணா நகர் சைடு" என்று முதல் நாள் அறிமுகம் செய்துகொண்டாள். இரண்டாவது வாரம் அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் கையில் தெறித்தது. வலியில் அவள் வாயிலிருந்து வந்த வசவைக் கேட்டதும் மங்கை அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"உண்மைய சொல்லு. எந்த ஏரியாடி நீ?"

சினேகா கையை ஊதிக்கொண்டே சொன்னாள். "காலடிப்பேட்டை."

காசிமேட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். இருவரும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர்களுக்கு இடையில் ஒளிவு மறைவு இல்லை என்றுதான் மங்கை நினைத்தாள்.

வாரம் முழுக்க வகுப்பு, ஆய்வுக்கூடம். சனிக்கிழமை விடிந்தால் இருவரும் கிளம்பிவிடுவார்கள். எந்த ஊர் என்று சினேகா முடிவு செய்வாள். என்ன சாப்பிடுவது என்பது மங்கையின் பொறுப்பு. செத்துபல் என்ற துறைமுக ஊருக்கு ரயிலில் போய், மாவில் புரட்டிப் பொரித்த கணவாயைத் தின்றார்கள். "நம்ம ஊரு மொளகாத்தூள் ஒரு ஸ்பூனு இவனுங்க கையில குடுத்தா போதும், சொத்தையே எழுதி வைப்பானுங்க" என்றாள் மங்கை. அவைரோவில் உப்பளங்களைப் பார்த்துவிட்டு, மீன் வடிவத்தில் செய்த முட்டை இனிப்பை வாங்கினார்கள். மே மாதம் உணவகங்களில் அவித்த நத்தை வந்தது. குண்டூசியால் நத்தையைக் குத்தி எடுத்தபடி மங்கை அதனிடம், "நீ மெதுவா வந்துகினு இரு, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்று சொன்னபோது சினேகாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

மங்கையை மிகவும் அசைத்தது உப்புக் கருவாடுதான். காட் என்ற மீனை உப்பிட்டு, பலகை போலக் காயவைத்துக் கடைகளில் அடுக்கியிருந்தார்கள். கோட்டு போட்ட பெரிய மனிதர்கள் அதை முகர்ந்து பார்த்து வாங்கிப் போனார்கள். பொன்னேரி விடுதியில் இவள் பையிலிருந்த கருவாட்டுப் பொட்டலத்தை மற்ற பெண்கள் ஜன்னலுக்கு வெளியே வீசியிருக்கிறார்கள். "இங்க பாருடி, கருவாட்டுக்கு இன்னா மருவாத!" என்று கடை வாசலிலேயே கத்தினாள்.

இப்படி அவள் பேசும்போதெல்லாம் சினேகாவின் போன் தண்ணீர் பாட்டிலில் சாய்ந்து நின்றுகொண்டிருக்கும். "ஞாபகத்துக்குடி. வயசானப்புறம் ரெண்டு பேரும் பாக்கலாம்" என்பாள். மங்கை அதைப் பொருட்படுத்தவே இல்லை.

மே கடைசியில் நசரேக்குப் போனார்கள். அது கடலோர ஊர். கடற்கரை மணலிலேயே வலைத் தட்டிகளை நிறுத்தி, மீனைப் பிளந்து பெண்கள் காயவைத்திருந்தார்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் பாவாடை கட்டிய ஒரு வயதான பெண், தலையில் துணியோடு, இடுப்பில் கைவைத்து வாடிக்கையாளரை மிரட்டிக்கொண்டிருந்தாள். மங்கை அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு மீன் வாங்கி மணலில் உட்கார்ந்தார்கள். சினேகா வழக்கம்போல போனை நிறுத்தி வைத்தாள்.

அங்கேதான் மங்கை அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

பத்தாவது படித்த வருடம். மழை. அம்மா மீன் கூடையோடு பஸ்ஸில் ஏறினாள். மங்கை சீருடையில் முன்பக்கம், தோழிகளோடு உட்கார்ந்திருந்தாள். நாற்றம் என்று யாரோ கத்தினார்கள். கண்டக்டர் விசில் அடித்து, திருவொற்றியூருக்கு முன்னாலேயே அம்மாவை இறங்கச் சொன்னார். அம்மா கெஞ்சினாள். கூடையை அவசரமாக இறக்கியபோது நாலைந்து மீன் படியில் விழுந்தது. பஸ்ஸே சிரித்தது.

"நானும் சிரிச்சேன்டி" என்றாள் மங்கை. "அப்பால ஜன்னல் பக்கம் திரும்பிகினேன். சாயங்காலம் நனைஞ்சுகினு வூட்டுக்கு வந்து, பஸ்ஸுல நீ இருந்தியாமேன்னு அம்மா கேட்டுச்சு. தூங்கிட்டேம்மா, பாக்கலன்னேன். அது நம்பிடுச்சு. இன்னி வரைக்கும் நம்பிகினு கீது."

சினேகா அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். அவளும் அழுதாள். அது நடிப்பு இல்லை என்றே மங்கை இன்றுவரை நினைக்கிறாள். அதுதான் அவளுக்குப் புரியாததும்.

ஒரு மாதம் கழித்து திருமுருகன் போன் செய்தான். படகில் உடன் வேலை செய்பவர்கள் ஏதோ ரீல்ஸ் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்களாம்.

"மங்க, உன் கொரலு வேற ஒரு பொண்ணு வாயில வருது."

அவன் அனுப்பியதைத் திறந்தாள். சினேகாதான். புடவையை மடித்துக் கட்டி, மூக்கில் பெரிய மூக்குத்தி, வெற்றிலை போட்டதுபோலச் சிவந்த உதடு. அந்த உதடு அசைந்தது. அதிலிருந்து மங்கையின் குரல் வந்தது. 'கப்பலேறின கமலா' என்று அந்தப் பக்கத்துக்குப் பெயர். நத்தை இருந்தது. கருவாடு இருந்தது. மொத்தம் பதினான்கு. இப்படியெல்லாம் யோசித்துப் பேச உங்களால்தான் முடியும் என்று ஆயிரக்கணக்கான பேர் சினேகாவைப் பாராட்டியிருந்தார்கள். அவள் எல்லோருக்கும் இதயக் குறி போட்டு நன்றி சொல்லியிருந்தாள்.

பதினான்காவது, பஸ் கதை. மீன் படியில் விழும் இடத்தில் 'பொத்'தென்று ஒரு சத்தத்தைச் சேர்த்திருந்தாள். "நானும் சிரிச்சேன்டி" என்ற இடத்தில் ஒரு கூட்டமே சிரிக்கும் ஒலி. "அது நம்பிடுச்சு" என்பதோடு முடிந்தது. அதைத்தான் இருபது லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

சினேகா வகுப்பு முடிந்து வரும்வரை மங்கை கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். வந்ததும் போனை நீட்டினாள்.

"இது இன்னா?"

சினேகா பையைக் கழற்றாமலே நின்றாள். "சொல்லணும்னுதான் இருந்தேன். ஒண்ணு சும்மா போட்டேன், பிச்சிகிட்டு ஓடிச்சு. அப்புறம் நிறுத்த முடியல. நீ பேசறது அவ்வளவு அழகு மங்கை. எனக்கு அப்படி வராது."

"காலடிப்பேட்டக்காரிக்கு வராதா?"

"உன் முகத்த நான் எங்கயும் காட்டலையே. அது நீன்னு யாருக்கும் தெரியாது."

"எங்கம்மாவுக்கு தெரியும்டி."

சினேகா அப்போதே பதினான்கையும் அழித்தாள். பிரயோஜனம் இல்லை. அதற்குள் யார் யாரோ இறக்கி, தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். காசிமேட்டில் ஒரு வாடிக்கைக்காரர், வஞ்சிரத்துக்கு விலை பேசிக்கொண்டே தேசம்மாளிடம் போனை நீட்டி, "இத கேளும்மா, உங்க ஏரியா பாஷதான்" என்று காட்டிவிட்டிருந்தார். முதல் வரியிலேயே மகளின் குரலை அடையாளம் கண்டவள், கடைசி வரை கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாளாம்.

ஒன்பது நாள் அம்மா போனை எடுக்கவில்லை. பத்தாம் நாள் எடுத்தாள்.

"அன்னிக்கே சொல்லிருக்கலாமில்ல?" என்றாள். "ரெண்டு அடி அடிச்சிருப்பேன், முடிஞ்சிருக்கும். ஊரே சிரிச்சப்புறம்தான் எனக்கு தெரியணுமா?"



ஆகஸ்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்தாள். நான்காவது நாள், அதே விடுமுறைக்கு வந்திருந்த சினேகா சொல்லாமல் கொள்ளாமல் மங்கையின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் பழம், இனிப்பு. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வந்திருப்பதாகச் சொன்னாள். மங்கை கதவை மறித்து நின்றாள். உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "வூட்டாண்ட வந்த பொண்ண நிக்க வெச்சு இன்னாமே பேச்சு? உள்ள இட்டுகினு வா."

தேசம்மாள் சோறு போட்டாள். சங்கரா மீன் குழம்பும் வறுவலும் வைத்தாள். சினேகா தலை நிமிராமல் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்ததும் அம்மா அவளை எதிரில் உட்காரச் சொன்னாள்.

"அந்த பஸ்ஸு கத ஒண்ணு கீதாமே. கடயில ஒரே கூச்சல், எனக்கு சரியா கேக்கல. இங்க ஒரு தபா நடிச்சு காட்டு."

"ஆன்ட்டி, சாரி..."

"சாரி அப்பால. மொதல்ல நடி. எந்த எடத்துல சிரிப்பு வருதுன்னு நானும் பாக்கறேன்."

சினேகா வாயைத் திறந்தாள். எதுவும் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. சமையலறை வாசலில் நின்ற மங்கைக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. அம்மா தனக்காகக் கேட்கிறாள் என்று நினைத்தாள். அப்போது அம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

"அதுக்கு வரல. நீ சொல்லு. கத உன்னுதுதானே?"

மங்கைக்கும் வரவில்லை. கடைசியில் தேசம்மாள் எழுந்தாள். சாயங்காலக் கடைக்கு நேரமாகிவிட்டது என்று கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மெயின் ரோடு வரை மங்கை சினேகாவோடு நடந்தாள். ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது சினேகா கேட்டாள். "நாம பழையபடி ஆவோமா?"

"மத்த பதிமூணு மட்டும் போட்டுருந்தா ரெண்டு நாள் திட்டிட்டு வுட்டுருப்பேன்" என்றாள் மங்கை. "நசரேல நீ அழுதியே சினேகா. அழுதுட்டு வந்து எப்படி அதுக்கு சத்தம் சேத்த? அத மட்டும் சொல்லு."

ஆட்டோ வந்தது. சினேகா ஏறிக்கொண்டாள்.

படிப்பு இன்னும் ஒரு வருடம் பாக்கி இருந்தது. மங்கை வேறு அறைக்கு மாறினாள். அம்மா இப்போது போனில் பேசினாள். எந்த மீன் வரத்து, யார் வீட்டில் கல்யாணம், சாப்பிட்டாயா என்பதோடு நிறுத்திக்கொண்டாள். முன்பெல்லாம், "அந்த ஊரு பொம்பளைங்க எப்டி கூவி விக்கிறாங்க, பேசி காட்டு" என்பாள். அதைக் கேட்பதே இல்லை.

பல சனிக்கிழமைகள் மங்கை அறையிலேயே இருந்தாள். நவம்பரில் ஒரு நாள் அடைபட்டுக் கிடக்க முடியாமல், எவோரா என்ற ஊருக்குத் தனியாகப் போனாள். சின்ன உணவகம் ஒன்றில் ரொட்டி சூப் கேட்டாள். பூண்டும் கொத்தமல்லியும் நசுக்கிப் போட்ட சுடுதண்ணீரில் பழைய ரொட்டி ஊறிக் கிடந்தது. மேலே ஒரு முட்டை. முதல் வாய் வைத்ததும் ஏதோ ஒரு வேடிக்கையான வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. பேச ஆள் இல்லை. அந்த வார்த்தையை விழுங்கினாள்.

பக்கத்து மேசையில் ஒரு இளம் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் இவள் தட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சந்தோஷமாக இந்தப் பக்கம் சாய்ந்தாள்.

"நீங்க தமிழா?"

கணவனின் கையில் போன் இருந்தது. மங்கை அதைப் பார்த்தாள். புரியாதவள்போல் புன்னகைத்து, இல்லை என்று தலையசைத்தாள். அந்தப் பெண் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கணவனிடம் தமிழில், "நம்ம ஊர் முகம் மாதிரியே இருந்துச்சு" என்றாள்.

மங்கை குனிந்து சூப்பைக் குடித்து முடித்தாள். ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.