செவ்வாய்க்கிழமை விமானத்தில் ஒருவர் குறைவு

தி.நகரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். உலகின் பெரிய விமானக் குழுமங்களைப் பயணிகள் போக்குவரத்துப்படி வரிசைப்படுத்தி, வருடா வருடம் வெளிநாட்டு கிளையன்ட்டுக்குப் பட்டியல் அனுப்புவோம். ஒரு குழுமத்துக்குள் நாலைந்து கம்பெனிகள் இருக்கும். எல்லாவற்றின் பயணிகளையும், பறந்த தூரத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். அப்போது நான் விமானத்தில் கால் வைத்ததே இல்லை.

முதல் நாளே மேலதிகாரி ரகுநாதன் சார் சொல்லிவிட்டார். மயிலாப்பூர்க்காரர்.

"ஏறினவா எத்தனையோ அத்தனை பேர் இறங்கணும்மா. டேலி ஆகாத ஃபைலை கிளையன்ட் திருப்பி அனுப்பிடுவான். அந்தக் குழுமம் பட்டியல்லயே வராது."

என் வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம். பட்டியலுக்குக் கெடு அன்று மாலை ஐந்து மணி. ஒரு குழுமத்தின் ஃபைல் மட்டும் இடித்தது. சென்னையிலிருந்து போகும் செவ்வாய்க்கிழமை விமானத்தில், எட்டு வாரமாக, ஏறியவர்களைவிட இறங்கியவர்களில் ஒருவர் குறைவு.

விமான நிலைய கவுன்ட்டரில் இருந்த தேவாவுக்கு போன் போட்டேன்.

"அதுவா மேடம்? பெரியவர் ஒருத்தரு வாராவாரம் ரெண்டு டிக்கெட் எடுக்கிறாரு. ஒண்ணு அவரு சம்சாரம் பேர்ல. அந்தம்மா செத்துப்போயி ஒரு வருசம் ஆவுது. கேட்ல ரெண்டு போர்டிங் பாஸையும் நீட்டுவாரு. எங்க பொண்ணுங்க மனசு கேக்காம ஸ்கேன் பண்ணிடுதுங்க. அங்க எறங்கும்போது தலைய எண்றாங்க. அதான் ஒண்ணு கொறயுது."

அப்பாடா என்றிருந்தது. எட்டு வாரத்திலும் ஏறியவர்கள் லிஸ்டிலிருந்து அந்தப் பெண்மணியை நீக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஃபைல் டேலி ஆனது, பட்டியல் போனது, வேலையும் நிரந்தரமானது. வீட்டுக்கு இனிப்பு வாங்கிப் போனேன்.

அந்தக் குழுமத்தின் அடுத்த வார ஃபைல் வந்தது, திறந்தேன். அதே விமானம். இப்போது இறங்கியவர்களில் ஒருவர் அதிகம்.

"இந்த வாட்டி பெரியவரு ஒரு டிக்கெட்தான் எடுத்தாரு மேடம்," என்றான் தேவா. அவன் குரலே சரியில்லை. "அங்க ரெண்டு தபா எண்ணிப் பாத்தாங்களாம். ஒரு ஆளு ஜாஸ்தியாதான் கீது."

"ஏன் ஒரே டிக்கெட்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். 'என்னை லிஸ்ட்லேந்து எடுத்துட்டாங்க, இனிமே டிக்கெட் வேணாம்னு அவளே சொல்லிட்டா'ன்றாரு. இன்னா மேடம் இது?"

நீக்கியது எனக்கு மட்டுமே தெரியும். பகல் பதினொரு மணி, கீழே பாத்திரம் வாங்குபவர்களின் சத்தம். ஆனாலும் என் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்க தைரியம் வரவில்லை.

நேராக ரகுநாதன் சாரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அனுப்பிய பட்டியலில் திருத்தம் என்றால் என் வேலைக்கே உலை. அவர் ஃபைலை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"ஏறினதா எழுதியிருக்கிறவாளை நீ எப்படிம்மா எடுப்பே? திரும்பச் சேர்த்துடு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

எட்டு வாரத்திலும் சேர்த்தேன். டேலி ஆகவில்லை என்று குறிப்பும் எழுதி அனுப்பினேன். கிளையன்ட் திட்டினான். எனக்கு மெமோ வந்தது. நல்லவேளை, வேலை தப்பியது.

அடுத்த செவ்வாய் ஃபைலில் பெரியவருக்கு மறுபடி இரண்டு டிக்கெட் இருந்தது. ஃபைல் டேலி ஆனது. ஏறியவர்களும் இறங்கியவர்களும் சரிக்குச் சரி. இறங்கியது யார் என்று கேட்க தேவாவுக்கு நான் போன் செய்யவில்லை.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். டேலி ஆகவில்லையா, ஆகவில்லை என்று எழுதுங்கள். யாரையும் நீக்காதீர்கள். அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.