வேரா கொண்டுவந்த ஏழு வளையங்கள்

வடகடல் கரையில் கருங்கழுத்து வாத்துகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போனது 2007 ஏப்ரல் கடைசியில். வாத்துகளுக்காக மட்டும் போயிருந்தால் இந்தப் பதிவு முழுக்க ஆச்சரியக்குறிகளாகவே இருந்திருக்கும்! ஆனால் நான் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

இந்த வாத்துகள் சிலவற்றின் காலில் ஆய்வாளர்கள் நிற வளையம் மாட்டியிருப்பார்கள். அதிலுள்ள எழுத்தைத் தொலைநோக்கியால் வாசித்து அனுப்பினால் அந்தப் பறவை எங்கெங்கே போய் வந்தது என்று தெரியும். எனக்கு இதில் பைத்தியம். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் அவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சி செய்துகொண்டே, தானாகப் படித்து இதற்கென்று ஓர் இணையத்தளம் கட்டினேன். யாரும் கண்டதைப் பதியலாம்.

மாசியில் ரஷ்யாவின் வடமுனைக் கரையிலிருந்து ஆய்வு நிலையத்துக்கு ஒரு கடிதம் வந்தது. தான் சுட்ட வாத்தின் வளையத்தை ஒரு வேட்டைக்காரர் நேர்மையாக அனுப்பியிருந்தார். நிலையத்தில் வேலை செய்யும் மார்ட்டினா விவரத்தை எனக்கு அனுப்பினார். அது எனக்கு மிகப் பிடித்த வாத்து. கோபத்தில் என் தளத்தில் அதன் பக்கத்தில் ‘சுடப்பட்டது’ என்று சிவப்பில் போட்டு, கீழே அவருடைய பெயரையும் ஊரையும் போட்டேன். மூன்று நாளில் நாற்பது பேர் அவரைக் கொலைகாரன் என்று எழுதிவிட்டார்கள். நான்காம் நாள் எல்லாவற்றையும் அழித்தேன். பிந்திவிட்டது.

ஏப்ரலில் மார்ட்டினாவின் மின்னஞ்சல் வந்தது. ஆய்வாளர்கள், அமைச்சு அதிகாரிகள், வடமுனை ஊர்க்காரர்கள் மூன்று தரப்பும் ஹூசும் நகரத்துக்குப் பக்கத்தில் கூடுகிறார்கள். வாத்துகள் கூடு கட்டும் நிலத்தில் எந்தப் பகுதியைக் காப்பது என்று முடிவெடுக்க, அந்த ஊர்க்காரர்கள் அனுப்பும் வளையங்கள்தான் ஆதாரம். அவர்கள் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். “உன் இணையப் பக்கத்தை அச்சடித்து வைத்திருக்கிறார்கள். பத்து நிமிடம் தருகிறேன், வா.” அவ்வளவுதான் எழுதியிருந்தது.

வெள்ளி காலை 6.15க்குக் கொலோனில் ஏறினேன். ஹம்பேர்க் கடைகளுக்கு மரக்கறி கொண்டுபோகும் சிவம் அண்ணையின் வான் வண்டியில் இடம் கிடைத்தது. 425 கிலோமீற்றர், ஐந்தேகால் மணி நேரம், செலவு இரண்டு கோப்பி.

“ஹூசும் எண்டால் டென்மார்க் பக்கமெல்லோ பிள்ளை? அங்கை என்ன அலுவல்?”

“ஒரு கூட்டம் அண்ணை. வாத்துகளைப் பற்றி.”

“தாராவுக்கோ கூட்டம்! எங்கடை சங்கத்துக்குத் தலைவரைத் தெரிவு செய்யவே மூண்டு வருஷமா ஏலாமல் கிடக்கு.”

சிரிப்பு வரவில்லை. முழுக் கதையையும் சொன்னேன். வீதியைப் பார்த்தபடியே கேட்டார்.

“உம்மடை பேரை ஆரும் அப்பிடிப் போட்டால் அம்மா என்ன செய்வா?”

“கொம்பியூட்டரைத் தூக்கி யன்னலாலை எறிவா.”

“அந்தாளின்ரை ஆக்கள் ஒண்டையும் எறியேல்லை. கதைக்க வருகினம். பயப்பிடாதையும்.” பிறகு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, “எண்டாலும் கதவுக்குக் கிட்ட இரும்” என்றார்.

ஹம்பேர்க் அல்டோனாவிலிருந்து ஹூசுமுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து பஸ் 25 நிமிடம், 2.60 யூரோ. கடைசித் தரிப்பிலிருந்து கடலணை வரை இரண்டு கிலோமீற்றர் நடை. கடைசி பஸ் மாலை 5.40க்கே போய்விடும், கவனம். அணையில் ஏறினால் பச்சைப் புல் முழுக்க வாத்துகள்! ஆயிரக்கணக்கில், முணுமுணுத்துக்கொண்டே மேய்கின்றன. இரண்டு வருடமாய்க் கனவு கண்ட காட்சி. எனக்குத் தொலைநோக்கியைத் தூக்கக் கை வரவில்லை. ஒவ்வொரு காலிலும் வளையம் இருக்குமோ என்று பயமாக இருந்தது.

கூட்டம் மறுநாள் காலை பத்து மணிக்கு, ஊர் மண்டபத்தில். முப்பது பேர் இருக்கும். வடமுனையிலிருந்து வந்தவர்களுக்காகப் பேசியவர் வேரா, அந்த வேட்டைக்காரரின் அக்கா. அவர் ரஷ்ய மொழியில் சொல்லச் சொல்ல ஒரு மாணவர் ஜெர்மனில் சொன்னார். வேராவின் முன்னால் மேசையில் அச்சடித்த என் பக்கம் கிடந்தது. நான் தெரிவு செய்த அதே சிவப்பு எழுத்து.

படங்கள் போட்டுக் காட்டத் தயாராகத்தான் போயிருந்தேன். எழும்பியதும் எல்லாம் மறந்துபோனது. “இதைச் செய்தது நான்தான்” என்றேன்.

வேரா என்னை மேலும் கீழும் பார்த்தார். “தாடி வைத்த கிழவன் ஒருவனை நினைத்து வந்தேன்” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “என் தம்பி கடிதத்தில் ஒன்றே ஒன்று கேட்டான். இந்த வாத்து குளிர்காலத்தில் எங்கே இருக்கும் என்று. இரண்டு மாதம் தபால் பார்த்தான். வந்தது இந்தத் தாள்.”

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். வளையம் அனுப்புகிறவருக்கு அந்தப் பறவையின் கதையை எழுதி அனுப்புவது வழக்கம். ஆய்வு நிலையத்துக்காக அந்தக் கடிதங்களைத் தன்னார்வமாக எழுதுவது நான். அவருக்கு மட்டும் வேண்டுமென்றே எழுதவில்லை. அதையும் சொன்னேன். மார்ட்டினாவுக்கே அது தெரியாது, அவர் முகம் மாறியது.

மடிக்கணினியைத் திறந்து அந்த வாத்தைக் கண்ட பதினொரு பதிவுகளையும் வாசித்தேன். கார்த்திகையில் பிரான்சின் சேற்றுக்கரை, தையில் இங்கிலாந்தின் ஓர் ஆற்றுவாய், சித்திரையில் இதே அணையின் புல். மூன்று வருடப் பதிவுகளிலும் ஒரே துணை. மாணவர் மெதுவாக மொழிபெயர்த்தார். வேரா என் தாளைத் திருப்பி, அதன் வெற்றுப் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினார்.

பிறகு பையிலிருந்து ஒரு துணியை எடுத்து அவிழ்த்தார். ஏழு வளையங்கள். அனுப்பாமல் ஊரில் சேர்த்து வைத்தவை. ஒன்றை மட்டும் எடுத்து என் பக்கம் தள்ளினார். “இதற்குப் பதில் எழுது. தம்பிக்கும் எழுது. வரட்டும், பார்ப்போம்.” மற்ற ஆறையும் திரும்பத் துணியில் முடிந்துகொண்டார்.

அமைச்சு அதிகாரி பேனாவோடு குனிந்தார். “அப்படியென்றால் தொடர்ந்து அனுப்புவீர்கள் என்று குறிப்பில் எழுதலாமா?”

“ஒன்று என்று எழுதுங்கள்” என்றார் வேரா.

போக நினைப்பவர்களுக்கு: ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை போங்கள், அதன்பின் வாத்துகள் வடக்கே பறந்துவிடும். நான் தங்கிய அறை காலை உணவோடு 19 யூரோ. காற்று எலும்பு வரை போகும், தொப்பி கட்டாயம். வளையம் வாசித்தால் எழுத்து, இடம், நேரம் பதியுங்கள். சுட்டவர் அனுப்பினால் அவர் பெயரை எங்கும் போடாதீர்கள். அவருக்குப் பதில் போடுங்கள், அன்றைக்கே.

இரண்டு கடிதங்களையும் திங்கட்கிழமை பதிவுத் தபாலில் சேர்த்தேன். பனி உருகும் நாட்களில் அந்த ஊரில் தபால் விமானம் இறங்காதாம். ஆறு கிழமைகூட ஆகலாம் என்று மார்ட்டினா சொன்னார். இதை எழுதும் இந்த மே நடுவில் அணையில் பாதி வாத்துகள் கிளம்பிவிட்டன. என் கடிதத்துக்கு முன்னால் அவை அங்கே போய் இறங்கிவிடும்.