பதினெட்டு இஞ்ச் சக்கரமும் ஆறு வியாழக்கிழமைகளும்

1. யார்டில் நின்ற கார்

துறைமுகத்திலிருந்து வந்த கடும்பச்சை நிறக் காரை எங்கள் யார்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான் பெயின்டைப் பார்க்கவில்லை, உள்ளே சீட்டைப் பார்க்கவில்லை. குனிந்து சக்கரத்தைத்தான் பார்த்தேன். டயரின் பக்கத்தில் எழுதியிருந்த எண்களில் கடைசி எண் இருபது. பதினெட்டாக இருந்திருக்க வேண்டும். மூன்று மாதமாக எனக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் தொழிற்சாலையில் யாராவது மனமிரங்கி மாற்றியிருப்பார்கள் என்று ஒரு நப்பாசை இருந்தது. பக்கத்தில் நின்ற லொறியின் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கொழும்பில் கார் இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் இருபத்தெட்டு வருடம் ஓடர் டெஸ்க்கில் இருந்தவள் நான். பெயர் ஸ்டெல்லா. ஷோரூமில் காரைக் காட்டி ஆசை மூட்டுவது சேல்ஸ்மேன் வேலை. ஆசைப்பட்டவரை உட்காரவைத்து, எந்த நிறம், எந்த சீட், எந்தச் சக்கரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தொழிற்சாலைக்கு ஓடர் அனுப்புவது என் வேலை. வெள்ளைத் தாளில் எழுதி ஃபேக்ஸ் பண்ணிய காலத்திலிருந்து கொம்பியூட்டரில் தட்டி அனுப்பிய காலம் வரை செய்தேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என் கெட்டித்தனத்தைப் பற்றிக் கேட்பார்கள். நான் செய்த பெரிய பிழையைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. ஆகவே நானே எழுதிவைக்கிறேன்.

2. சக்கரம் தெரிவு செய்வது எப்படி

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். வேகமான கார் ஒன்றுக்கு ஓடர் கொடுக்கும்போது பெரும்பாலானவர்கள் நிறத்துக்கு ஒரு மணித்தியாலமும் சக்கரத்துக்கு ஒரு நிமிடமும் செலவழிப்பார்கள். படத்தில் எது பெரிதாகத் தெரிகிறதோ அதுதான் வேண்டும். இருபது இஞ்ச் என்றால் டயரின் ரப்பர் மெல்லிய பட்டியாக இருக்கும். பார்க்க ஜோர். வளைவில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் மழைக்காலத்தில் தண்ணீர் மூடிய ஒரு குழியில் விழுந்தால் ரிம் வெடிக்கும், உள்ளே இருப்பவரின் முதுகெலும்பும் கொஞ்சம் சிந்திக்கும். பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட அகலம், ஆகவே தேய்ந்த டயரை முன்பின் மாற்றிப் போடவும் முடியாது. ஸ்பெயார் வீல் கிடையாது, ஓட்டை அடைக்கும் பசைப் போத்தல் ஒன்றுதான் தருவார்கள். பதினெட்டு இஞ்ச் என்றால் ரப்பர் தடிப்பு, ஓட்டம் மெத்து, ஸ்பெயார் வீலும் கேட்டு வாங்கலாம்.

அதற்குமேல் டயர் வகை இருக்கிறது. கிருலப்பனையில் கட்டடக் கொந்தராத்துச் செய்த ஒருவர் பனி நாட்டு டயர்தான் வேண்டும் என்று என் மேசையில் அடித்துச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

"நுவரெலியாவுக்கு அடிக்கடி போறனான் மிஸ். அங்க என்ன குளிர் தெரியுமா?"

அந்த டயர் நம் நாட்டு வெயிலில் அழிறப்பர் போல் தேய்ந்துவிடும் என்று விளங்கப்படுத்த எனக்கு அரை நாள் போனது. இப்படிப்பட்டவர்களோடு மல்லுக்கட்டி வாழ்ந்த எனக்கு, குலசிங்கம் சேர் வந்த நாள் பெருநாள் மாதிரி இருந்தது.

3. குலசிங்கம் சேர்

அவர் கப்பலில் சீஃப் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஒரு லேனில் தனியாக இருந்தார். மனைவி காலமாகி நான்கு வருடம். ஒரே மகள் டொரன்டோவில். வியாழக்கிழமைகளில் பிரஷர் கிளினிக்குக்கு எங்கள் பக்கம் வருவார், வந்த கையோடு ஷோரூமுக்கும் வருவார். அளவுக்கு மிஞ்சிக் கேள்வி கேட்கிறார் என்று சேல்ஸ்மேன் அவரை என் தலையில் கட்டிவிட்டுப் போனான்.

உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். அதில் இரண்டு டயரையும் அளவோடு கீறி வைத்திருந்தார்.

"மிஸ், எனக்கு வேகம் விருப்பம்தான். வாழ்நாள் முழுக்கக் கப்பலில பத்து நொட்டில ஊர்ந்து திரிஞ்சவன். ஆனா இந்தக் கார் வாங்கிறது ஒரு அலுவலுக்கு. மகள் ஆவணியில வாறா. பதினொரு வருஷத்துக்குப் பிறகு. திருகோணமலைக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லியிருக்கிறன். அவவுக்கு முதுகில ஒப்பரேஷன் செய்தது. குலுக்கினா தாங்கமாட்டா. எந்தச் சக்கரம் போட்டா குலுக்காது? அதை மட்டும் சொல்லுங்கோ."

இவ்வளவு நேர்மையாக என்னிடம் ஒருவரும் சக்கரம் கேட்டதில்லை. அன்று பின்னேரம் மூன்று மணிவரை கதைத்தோம்.

என் நிலைமையையும் சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனையில் இரண்டு அறை ஃப்ளாட் ஒன்றில் நான் மட்டும். அம்மா போய்ச்சேர்ந்துவிட்டா. தங்கச்சி குடும்பத்தோடு இத்தாலியில். ஞாயிறு பூசை முடிந்து வந்தால் போனில் அவளுடைய முகத்தைப் பார்ப்பேன், பத்து நிமிடத்தில் அவளுக்கு வேலை வந்துவிடும். அலுவலகத்தில் எனக்கு குட் மோர்னிங் சொன்னவர்கள் பலர். அடுத்த வார்த்தை சொன்னவர்கள் யாருமில்லை. பகல் சாப்பாட்டை என் மேசையிலேயே, கொம்பியூட்டரைப் பார்த்தபடி சாப்பிடுவேன். தனிமை என்ற சொல்லை நான் பாவித்ததில்லை. எனக்கு சத்தம் பிடிக்காது என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

இரண்டாம் வியாழன் அவர் அளவுகோல் ஒன்றோடு வந்து, ஷோரூமில் நின்ற காரின் டயரை அளந்தார். மூன்றாம் வியாழன் வெள்ளவத்தையிலிருந்து சுடச்சுடக் கடலை வடை கொண்டுவந்தார். என் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்த மீன் கறியில் நான் அவருக்குப் பாதி கொடுத்தேன். ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, "உறைப்புக் காணாது" என்றார். சிரித்தேன். அலுவலகத்தில் நான் சிரித்ததைக் கேட்டு கஷியர் எட்டிப்பார்த்தா.

4. நான் கேட்ட தேவையில்லாத கேள்விகள்

நான்காம் வியாழன் அவர் கொப்பியை மூடினார்.

"முடிவு செய்திட்டன் மிஸ். பதினெட்டு இஞ்ச். சாதாரண ரோட்டு ரயர். ஸ்பெயார் வீலும் வேணும். போடுங்கோ."

சரியான தெரிவு. நிறமும் சீட்டும் ஏற்கெனவே பதிந்து ஓடரைத் திறந்து வைத்திருந்தேன், சக்கரக் கட்டம் மட்டும்தான் வெறுமை. அந்த இடத்தில் நான் இரண்டு பட்டனைத் தட்டி ஓடரை அனுப்பியிருக்க வேண்டும். விரல் கீபோர்டில்தான் இருந்தது. அனுப்பினால் அடுத்த வியாழன் அவர் வரமாட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"சேர், ஸ்பெயார் வீல் போட்டா பின்னுக்கு சாமான் வைக்கிற இடம் குறையும். மகள்ட சூட்கேஸ் எவ்வளவு பெருசு எண்டு கேட்டுட்டு வாங்களேன்" என்றேன்.

அந்தக் கேள்விக்கு அவசியமே இல்லை. இரண்டு பெரிய சூட்கேஸ் தாராளமாகக் கொள்ளும் என்று எனக்குத் தெரியும். அவரோ மகளுக்குப் போன் எடுக்க ஒரு காரணம் கிடைத்த சந்தோஷத்தில், "நல்ல கேள்வி கேட்டியள்" என்று எழுந்து போனார்.

ஐந்தாம் வியாழன் சூட்கேஸின் நீள அகலத்தோடு வந்தார். நான் அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருந்தேன். ரிம் வெள்ளி நிறமா, கறுப்பா? அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு, "அதையும் பிள்ளையிட்டக் கேட்பம்" என்றார்.

அவர் போனபின் மனேஜர் என் மேசைக்கு வந்தார். சிங்களவர், நல்ல மனிதர், ஆனால் கோப்பு திறந்து கிடந்தால் நித்திரை வராது.

"ஸ்டெல்லா, தாம இவர நெத்த?" என்று கேட்டார். 'இவர' என்றால் முடிந்தது; இன்னும் முடியவில்லையா என்று கேட்கிறார்.

அடுத்த நாள் வெள்ளி. தொழிற்சாலை அந்த மாதத்து ஓடர்களைப் பூட்டும் நாள். எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பழைய பழக்கம் ஒன்று இருந்தது. பூட்டிய பிறகும் அங்கே இருந்த ஆளுக்கு ஒரு மெயில் எழுதினால் மூன்று நாலு நாள் தருவார். இருபது வருடமாக அப்படித்தான் ஓட்டினோம். எங்கள் துறையில் கடைசி நாள் என்பது கடைசி நாளாக இருந்ததே இல்லை. "அடுத்த கிழமை இவர, சேர்" என்றேன்.

ஆறாம் வியாழன் அவர் வெள்ளி நிறம் என்றார். நான் எல்லாவற்றையும் தட்டி அனுப்பினேன். ஓடர் பூட்டப்பட்டுவிட்டது என்று கொம்பியூட்டர் பதில் சொன்னது. அந்த மாதத்திலிருந்து நாள் நீட்டித் தரும் ஆள் அங்கே இல்லை, எல்லாம் இயந்திரம். சக்கரம் தெரிவு செய்யாத ஓடருக்கு எங்கள் பிராந்தியத்துக்கென்று ஒதுக்கிய இருபது இஞ்ச் சக்கரப் பொதியை அதுவே நிரப்பியிருந்தது.

அவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். "கொன்ஃபேர்ம் ஆச்சோ மிஸ்?"

"ஓம் சேர்" என்றேன்.

இதுதான் என் இரண்டாவது பிழை, முதலாவதைவிடப் பெரியது. மூன்று மாதம் தொழிற்சாலைக்கு மெயில் மேல் மெயில் போட்டேன், போனில் கெஞ்சினேன். ஒன்றும் அசையவில்லை. அவரிடமும் மனேஜரிடமும் வாய் திறக்கவில்லை. ஓடர் முடிந்ததால் அவர் வரவும் இல்லை. வியாழக்கிழமைகளில் மறுபடியும் கொம்பியூட்டரைப் பார்த்தபடி சாப்பிட்டேன்.

5. மாளிகாவத்தை ரிம்

கார் வந்த அன்றே மனேஜரிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. வேறு கார் போட்டால் ஐந்து மாதம் ஆகும் என்றார். ஆவணிக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது.

அரை நாள் லீவு போட்டுவிட்டு மாளிகாவத்தைப் பக்கம் பழைய பாகம் விற்கும் கடைகளில் ஏறி இறங்கினேன். அதே மொடல் கார் ஒன்று விபத்தில் நொறுங்கி வந்திருப்பதாக ஒரு நானா, முஸ்லிம் கடைக்காரர், சொன்னார்.

"பதினெட்டு இஞ்ச் நாலும் ஈக்கி மிஸ். நல்ல சாமான். ஆனா ஒங்கட கார் இருவதோட வந்ததெண்டா பிரேக்கும் பெருசாத்தான் வந்திரிக்கும். உள்ளுக்கு முட்டும். ஒண்டக் கொண்டு பெய்த்து மாட்டிப் பாருங்க, சரிவராட்டி திருப்பித் தாங்க."

ஒரு ரிம்மை த்ரீவீலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சாரி முழுக்கக் கிறீஸ். வேர்க்‌ஷொப்பில் சக்கரத்தைக் கழற்றி அதை மாட்டினார்கள். முக்கால்வாசி போய் நின்றது. பெரிய பிரேக்கின் கலிப்பரில், அதாவது டிஸ்கைப் பிடிக்கும் கவ்வியில், ரிம் முட்டி, ஒரு விரல் இடம் போதாமல் போனது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். பெரிய சக்கரத்தோடு பெரிய பிரேக்கும் சேர்ந்து வரும் என்று வாடிக்கையாளர்களுக்கு விளங்கப்படுத்திய வாய் என்னுடையது. அன்று ஆசை மறைத்துவிட்டது.

6. சொன்னேன்

மறுநாள் குலசிங்கம் சேர் காரை எடுக்க வந்தார். வெள்ளைச் சேர்ட், புதுச் சப்பாத்து. யார்டுக்குப் போகுமுன் அவரை என் மேசையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சூட்கேஸ் கேள்வி, ரிம் நிறக் கேள்வி, வெள்ளிக்கிழமை, பொய்க் கொன்ஃபேர்ம். ஏன் செய்தேன் என்பதையும் சொன்னேன்.



"நீங்கள் தனிய இருக்கிறது எனக்கு விளங்குது மிஸ். நானும் தனியத்தான் இருக்கிறன். ஆனா அந்தப் பாரத்தைக் கொண்டுபோய் என்ர பிள்ளையின்ர முதுகிலயா ஏத்துறது?"

மனேஜர் வந்து விலைக்கழிவு, காத்திருப்பு என்று ஏதேதோ சொன்னார். குலசிங்கம் சேர் கார்த் திறப்பை மட்டும் வாங்கிக்கொண்டு காரை மெதுவாக ஓட்டிப்போனார். வாசலில் இருந்த சின்ன மேட்டில் ஏறி இறங்கும்போது காரின் முன்பக்கம் டொக் என்று இடித்தது. என் முதுகில் பட்டது போலிருந்தது.

புரட்டாசியில் ஒரு வியாழன் அவர் வந்தார். உட்காரவில்லை. மேசைக்கு முன்னால் நின்றபடியே கதைத்தார்.

"மகள் வந்திட்டுப் போட்டா. உங்கட காரில காலிமுகக் கடற்கரை மட்டும் போய்வந்தனாங்கள், அதுக்கே முதுகு நொந்திட்டுது. பிறகு திருகோணமலைக்கு ட்ரைவரோட வான் ஒண்டு பிடிச்சன். நான் பின்னுக்கு அவவுக்குப் பக்கத்தில இருந்தனான். போகேக்க ஏழு மணித்தியாலம் கதைச்சா. தாய் இல்லாமப் போன பிறகு நடந்த எல்லாத்தையும் கதைச்சா. நான் கார் ஓடியிருந்தா ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருப்பன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் கையை உயர்த்தினார்.

"அதுக்காக நான் உங்களை மன்னிச்சிட்டன் எண்டு நினைச்சுப்போடாதையுங்கோ. சொல்லவேணும் போல இருந்தது. சொல்லிறதுக்கு வேற ஆளில்லை."

போய்விட்டார். அதற்குப் பிறகு சேர்விஸுக்குக் காரை வேர்க்‌ஷொப் வாசலில் விட்டுவிட்டு, அங்கிருந்தே பஸ் ஏறிப் போவார். என் மேசைக்கு வந்ததில்லை.

ஓடர் டெஸ்க்குக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இரண்டு விஷயம் உண்டு. வாடிக்கையாளர் "போடுங்கோ" என்ற அந்த நிமிடமே அனுப்பிவிடுங்கள். பிழை நடந்தால் அன்றே சொல்லிவிடுங்கள். இவை இரண்டும் எந்தக் கையேட்டிலும் இருக்கும். கையேட்டில் இல்லாதது ஒன்றுதான். நான்காம் வியாழன் அந்த ஓடரை அனுப்பிவிட்டு, "சேர், வேலை முடிஞ்சுது. ஆனா அடுத்த கிழமையும் சாப்பிட வாங்க" என்று நான் சொல்லியிருந்தால், அவர் கட்டாயம் வந்திருப்பார்.